கண்ணன் மூக்கை யார் தேய்த்தது?

உங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் பழைய பித்தளைச் சிலை ஏதாவது இருக்கும். தவழும் கண்ணனோ, பிள்ளையாரோ, லட்சுமியோ, எதுவானாலும் சரி. அம்மாவிடம் கேட்டு அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எடுக்கும்போது பீடத்தைப் பிடியுங்கள். புல்லாங்குழலையோ திருவாசியையோ பிடித்துத் தூக்காதீர்கள். அவை பல சிலைகளில் தனியாகச் செய்து பிறகு பற்றவைத்தவை.

கண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் முகத்தைப் பாருங்கள். மூக்கு நுனி மழுங்கியிருக்கும். புருவக் கோடு இருந்த இடம் வழவழவென்று ஆகியிருக்கும். தொப்பையும் முழங்காலும் தங்கம்போல் மின்னும். காதுக்குப் பின்னால், விரல் இடுக்கில், வெண்ணெய் உருண்டையைப் பிடித்த உள்ளங்கையில் மட்டும் கருகருவென்று இருக்கும். இப்போது தலைகீழாகத் திருப்புங்கள். உள்ளே கூடாக இருந்தால் சுவர் சொரசொரப்பாகத் தெரியும். அங்கே வெளிறிய பச்சைப் பொடி ஒட்டியிருக்கிறதா? இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சரி, மூக்கைத் தேய்த்தது யார்? சந்தேகமே வேண்டாம், பாட்டிதான். அவருக்கு முன்னால் அவருடைய அம்மா. நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றால் வியாழன் மாலையே பூஜைச் சாமான்களையெல்லாம் கொல்லைப்புறத்தில் பரப்பி, புளியும் செங்கல் தூளும் தேங்காய் நாருமாக உட்கார்ந்துவிடுவார்கள். வாரம் ஒரு முறை என்று வைத்தாலே வருடத்துக்கு 52 முறை. ஐம்பது வருடத்தில் 2,600 முறை. எந்த மூக்குதான் தாங்கும்? (இதை அப்படியே பாட்டியிடம் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். அவர்மேல் தப்பு இல்லை. செங்கல் தூள்மேல்தான் தப்பு. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.)

பளபளவென்று தெரிவது அப்போதுதான் வெளியே வந்த புது உலோகம். அதன்மேல் படியும் கறுப்பும் வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிய தூசி இல்லை. நேற்றுவரை சிலையாக இருந்த உலோகம்தான் காற்றோடு சேர்ந்து கறுப்பாக மாறியிருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்தால் சிலையில் ஒரு மெல்லிய ஏட்டை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். பென்சிலைச் சீவினால் முனை கூர்மையாகும், ஆனால் பென்சில் குட்டையாகும். சிலை தேய்ப்பதும் அந்தக் கணக்குதான்.

அப்படியானால் தேய்க்காமலே விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. சில அழுக்குகள் விட்டுவைத்தால் சிலையைத் தின்னும். எந்த அழுக்கை எடுக்க வேண்டும், எதை விடலாம், எடுப்பதை எதைக் கொண்டு எடுப்பது என்று தெரிந்துவிட்டால் மூக்கும் பிழைக்கும், சிலையும் மின்னும்.

இரண்டு உலோகமும் ஒரு மஞ்சளும்

பித்தளை தனி உலோகம் கிடையாது. செம்பையும் துத்தநாகத்தையும் உருக்கிக் கலந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயத்தைக் கலந்தால் வெண்கலம். கோயிலில் வீதி உலா வரும் உற்சவர் சிலைகள் பெரும்பாலும் செம்பு மிகுந்த ஐம்பொன் கலவையில் செய்தவை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் முதலில் மெழுகிலே முழு உருவத்தையும் செய்கிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, காலியான இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு மெழுகு உருவத்துக்கு ஒரே ஒரு சிலைதான்.

கடையில் நாம் வாங்கும் சின்னப் பித்தளைச் சிலைகள் பல உத்தரப் பிரதேசத்து மொராதாபாத், அலிகார் பட்டறைகளிலிருந்து வருகின்றன. ஒரே மாதிரியை மணலில் திரும்பத் திரும்ப அழுத்தி அச்செடுத்து வார்ப்பதால் ஒரே முகம் ஆயிரம் வீட்டில் இருக்கும். அதனால் என்ன, உங்கள் வீட்டுக் கண்ணன் உங்கள் வீட்டுக் கண்ணன்தான்.

நூறு கிராம் பித்தளையில் துத்தநாகம் ஐந்து கிராம்தான் என்றால் நிறம் செம்பை ஒட்டிச் சிவப்பாகவே இருக்கும். பதினைந்து கிராம் என்றால் பொன் நிறம். முப்பது கிராம் என்றால் நல்ல மஞ்சள். ஐம்பது கிராமை நெருங்கினால் மஞ்சள் போய் வெளிறிவிடும், தட்டினால் உடையும். அதனால்தான் எல்லோரும் முப்பது, நாற்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தக் கலவையைச் செய்வதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உருகிய செம்பில் துத்தநாகக் கட்டியைப் போட்டால் ஒரு பங்கு ஆவியாகி, எரிந்து, வெள்ளைப் புகையாகப் பட்டறை முழுக்கப் பரவும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். தாதுவிலிருந்து துத்தநாகத்தைப் பிரிப்பதோ இன்னும் சிக்கல். கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் உலோகம் ஆவியாக வெளியே வரும். வந்த உடனே காற்று பட்டு மறுபடி வெள்ளைப் பொடியாகிவிடும். உலோகம் கைக்கு வரவே வராது.

இந்த முடிச்சை அவிழ்த்தது ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாவர் என்ற ஊர். களிமண் குடுவைகளில் தாதுவையும் கரியையும் அடைத்து, வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்து, ஓர் உலையில் ஆறுக்கு ஆறு என்று 36 குடுவைகளை வரிசையாக நிறுத்தினார்கள். தீ மேலே எரியும். ஆவி வேறு வழியில்லாமல் கீழே இறங்கும். கீழ் அறை குளிர்ச்சியாக, காற்றுப் புகாமல் இருக்கும். அங்கே ஆவி குளிர்ந்து துத்தநாகமாகச் சொட்டும். அறுநூறு வருடங்களுக்கு முன்பே இது அங்கே பெரிய தொழிலாக நடந்தது. ஐரோப்பாவில் இதே கீழ்நோக்கி வடிக்கும் முறைக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் 1738-இல்தான் காப்புரிமை வாங்கினார். ஜாவரில் வேலை முடிந்து தூக்கியெறிந்த குடுவைகளை அடுக்கி வீட்டுச் சுவர் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு குடுவைகள் மிஞ்சியிருந்தன.

இங்கே ஒரு சின்னச் சோதனை செய்துவிடலாம். பழைய ஒலிபெருக்கியிலிருந்தோ பொம்மையிலிருந்தோ எடுத்த காந்தத்தை உங்கள் கண்ணனுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பித்தளையைக் காந்தம் இழுக்காது. பச்சென்று ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே மஞ்சள் முலாம். அந்தச் சிலையைப் புளி போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

காற்றிலிருக்கும் ஆக்சிஜன் செம்போடு சேர்ந்தால் முதலில் செம்பழுப்புப் படலம் வரும், பிறகு கறுக்கும். காற்றில் கந்தகம் கலந்த வாயு துளி இருந்தாலும் கறுப்பு வேகமாக ஏறும். சாக்கடைக் காற்றிலும், கெட்டுப்போன முட்டை நாற்றத்திலும் இருப்பது இந்த வாயுதான். ரப்பரிலும் கந்தகம் உண்டு. சிலையைக் காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுப் பரணில் வைத்துவிட்டு, அடுத்த நவராத்திரிக்கு எடுத்துப் பாருங்கள். ரப்பர் பேண்ட் பட்ட இடம் மட்டும் கறுப்புக் கோடாக இருக்கும். கொலு பொம்மை கட்டுபவர்கள் கவனிக்க.

மூன்றாவது காரணம் நம் கை. வியர்வையில் உப்பு இருக்கிறது, லாக்டிக் அமிலமும் இருக்கிறது. பளபளவென்று தேய்த்து வைத்த பித்தளை டம்ளரில் வியர்த்த கட்டைவிரலை ஒரு முறை அழுத்திவிட்டு, ஓரமாக வையுங்கள். அப்போது ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உங்கள் ரேகை கோடு கோடாகப் பழுப்பேறித் தெரியும். துணியால் துடைத்தாலும் போகாது. உப்பு உலோகத்தையே கொஞ்சம் அரித்திருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் பாண்ட் என்ற தடயவியல் அறிஞர் இதைக் கொண்டே 2008-இல் ஒரு வழி கண்டுபிடித்தார். சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூட்டைத் துடைத்து எறிந்திருந்தாலும், அதைத் தொட்டவரின் ரேகையை மீட்டெடுக்கும் வழி அது. துடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த திருடனைப் பித்தளை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே சிலையைத் தேய்த்து முடித்ததும், ஆசையாக இருக்கிறதே என்று ஆளாளுக்கு எடுத்துப் பார்ப்பதுதான் அதற்கு முதல் கெடுதல். உலர்ந்த பருத்தித் துணியால் பிடித்து எடுத்து வையுங்கள்.

பிசுக்கு வேறு, கறுப்பு வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் படிப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்தால் போதும்.

பூஜை அறைச் சிலையின்மேல் இரண்டு அழுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. அடியில் நாம் பார்த்த கறுப்பு. அதற்குமேல் எண்ணெய்ப் பிசுக்கு. விளக்கிலிருந்து எழும் புகையில் கரித்துகளும் எண்ணெய் ஆவியும் இருக்கும். கற்பூரப் புகையிலும் கரி ஏராளம். சாம்பிராணி, சந்தனம், குங்குமம் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். எண்ணெய் நாள்பட்டால் காற்று பட்டு இறுகிப் பசையாகிவிடும். தொட்டால் விரல் ஒட்டும்.

இதன்மேல் நேராகப் புளியைப் போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எண்ணெயின்மேல் தண்ணீர் நிற்காது, புளித்தண்ணீரும் நிற்காது. புளி அடியிலிருக்கும் கறுப்பைத் தொடவே இல்லை. அழுக்கு போகவில்லையே என்று நாம் கையை அழுத்துவோம். அழுத்தினால் போகவில்லையென்றால் செங்கல் தூளை எடுப்போம். மூக்கு போவது அந்த நேரத்தில்தான்.

முதலில் பிசுக்கை எடுக்க வேண்டும். அதற்கு வேண்டியது சோப்பு குணம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை நாலு சொட்டு விட்டோ, பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய நுரைத் தண்ணீரிலோ சிலையைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியாக்கித் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்குகளை நீவிவிடுங்கள். விரல் இடுக்குக்கு மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஊசி, கத்தி நுனி வேண்டாம். முக்கால்வாசி நாளில் வேலை இதோடு முடிந்துவிடும். மங்கலாக இருக்கிறது என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி பிசுக்குதான்.

இன்னும் கறுப்பு இருந்தால் இப்போது புளியை எடுக்கலாம். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் செம்பு ஆக்சைடைக் கரைத்துத் தண்ணீரில் கரையும் உப்பாக மாற்றிவிடும். புளியின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்றால், ஆக்சைடைக் கரைக்கிற அது செம்பை அவ்வளவு எளிதில் கரைக்காது. இந்த மாதிரி அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்காரும் வலிமை செம்புக்குக் கிடையாது. அதனால் அழுக்கு போகும், செம்பு நிற்கும். நம் பாட்டிகள் அட்டவணை எதையும் பார்க்காமலே சரியான அமிலத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

பார்க்க வேண்டுமென்றால், மங்கிப்போன மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுங்கள். அதுவும் செம்பும் துத்தநாகமும் கொஞ்சம் நிக்கலும் கலந்த பித்தளை வகைதான். சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு, பாதியில் மட்டும் கெட்டியான புளிக் கரைசலைத் தடவுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேய்க்காமல் தண்ணீரில் அலசுங்கள். நடுவில் கோடு கிழித்ததுபோல ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு. கை வலிக்கத் தேய்க்க வேண்டிய தேவையே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் துத்தநாகம் செம்புபோல் இல்லை. அதற்கு ஹைட்ரஜனை விரட்டும் வலிமை உண்டு. அமிலத்தில் நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறும், செம்பு மட்டும் மேற்பரப்பில் தங்கும். வேண்டாத பித்தளை ஆணியோ திருகாணியோ இருந்தால் எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுக்கப் போட்டுப் பாருங்கள். காலையில் மஞ்சள் போய் இளஞ்சிவப்புத் திட்டு தெரியும். கண்ணனுக்கு அப்படிக் கன்னம் சிவந்தால் நன்றாக இருக்காது. ஆகவே புளி ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். எலுமிச்சையோடு உப்பையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் பளிச்சென்று வரும் என்பது உண்மைதான். ஆனாலும் உப்பு எனக்குப் பிடிக்காது. ஏன் என்று பச்சைப் பொடி சொல்லும்.

செங்கல் தூளின் குற்றம்

ஒரு பொருள் இன்னொன்றைக் கீறுமா என்று பார்க்க மோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. டால்க் என்ற மாக்கல் 1, வைரம் 10. பித்தளை ஏறக்குறைய 3. சுண்ணாம்புக்கல் தூளும் 3. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. செங்கல் மண்ணில் செய்தது, மண்ணில் குவார்ட்ஸ் மணல் இருக்கும். ஏழு மூன்றைத் தேய்த்தால் மூன்றுதான் தோற்கும். அடி கருகிய வெண்கலப் பானைக்குச் செங்கல் தூள் சரி. கண்ணன் கன்னத்துக்கு ஆகாது. அடுப்புச் சாம்பலிலும் மணல் கலந்திருக்கும். பயன்படுத்துவதென்றால் துணியில் சலித்த சன்னமான தூளாக இருக்க வேண்டும். பூசிக்கொள்ளும் நல்ல விபூதி இந்த வேலைக்குப் பொருத்தம். உலர்ந்த விபூதியை மெல்லிய துணியில் தொட்டு, வட்டமாகச் சுற்றாமல் ஒரே திசையில் நீவிவிட்டால் கடைசி மெருகு வந்துவிடும். கீறல் விழுந்தாலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

இரும்பு நார் கூடவே கூடாது. அது கீறுவதோடு நிற்காது. உடைந்த இரும்புத் துணுக்குகள் இடுக்கில் மாட்டிக்கொண்டு துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளியாகும்.

புதுச் சிலைக்கு இன்னொரு எச்சரிக்கை. கடையில் வரும்போதே பலவற்றின்மேல் நிறமில்லாத வார்னிஷ் பூசியிருப்பார்கள். மாதக்கணக்கில் மங்காமல் இருக்கிறதே என்று நாம் வியப்பது அந்தப் பூச்சைத்தான். புளியோ பீதாம்பரிப் பொடியோ போட்டு அதை உரித்துவிட்டால் அங்கங்கே திட்டாகக் கறுக்கத் தொடங்கும். வார்னிஷ் இருக்கும்வரை ஈரத்துணி போதும்.

குதிரை லாயத்தில் வெடித்த தோட்டா

கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கும். எரியும் நெடியை வைத்தே கண்டுகொள்ளலாம். அதை எடுத்துப் பித்தளையின்மேல் அடித்தால் பளிச்சென்று ஆகும். ஆகட்டும், நீங்கள் அடிக்காதீர்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் இங்கிருந்த ராணுவத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே விரிசல் விட்டன. யாரும் சுடவில்லை, கீழே போடவில்லை. சும்மா வைத்த இடத்தில் விரிசல். பருவத்தில் வருகிற வெடிப்பு என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் 1921-இல் காரணத்தை விளக்கினார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். மழைக்கால ஈரத்தில் அது பித்தளைமேல் படியும். தோட்டாக் கூடு என்பது தகட்டை அழுத்தி இழுத்துச் செய்தது, அதனால் உள்ளுக்குள் முறுக்கம் தங்கியிருக்கும். முறுக்கம் ஒரு பக்கம் இழுக்க, அம்மோனியா ஒரு பக்கம் அரிக்க, வெடிப்பு விழுந்தது. கூட்டைச் செய்தபின் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு, அந்த முறுக்கத்தைத் தளர்த்தியதும் தொல்லை தீர்ந்தது.

வார்த்த சிலையில் இந்த முறுக்கம் குறைவு. ஆனால் தகட்டை அடித்துச் செய்த குடம், சொம்பு, கவசம் இவற்றில் உண்டு. பூஜை அறையில் எல்லாம் ஒரே தட்டில்தானே இருக்கின்றன, எதற்கு வம்பு?

பச்சை

இப்போது பீடத்துக்கு அடியில் பார்த்த பச்சைக்கு வருவோம். செம்புப் பொருளில் வரும் பச்சையில் இரண்டு சாதி உண்டு. ஈரமும் கரியமில வாயுவும் பட்டு மெதுவாக வரும் கரும்பச்சைக் களிம்பு கெட்டியாக, வழவழப்பாக ஒட்டியிருக்கும். பெரிய ஆபத்து இல்லை. பலநூறு வருடம் மண்ணில் கிடந்த பழைய சிலைகளுக்கு இந்தத் தோலே காப்பு.

மற்றது வெளிறிய பச்சைப் பொடி. விரலால் தட்டினால் உதிரும். துடைத்துவிட்டால் சில நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். இதற்குக் காரணம் உப்பிலிருக்கும் குளோரைடு. கடற்கரை ஊர்க் காற்றிலும், வியர்வையிலும், எலுமிச்சையோடு நாம் சேர்த்த சமையல் உப்பிலும் இருப்பது அதுவேதான். குளோரைடு செம்போடு சேர்ந்து ஓர் உப்பாகும். அந்த உப்பு ஈரத்தையும் ஆக்சிஜனையும் வாங்கிக்கொண்டு பச்சைப் பொடியாக மாறும்போது அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலம் புதிதாகச் செம்பை அரிக்கும், மறுபடி உப்பு, மறுபடி அமிலம். ஒரு முறை உள்ளே நுழைந்த குளோரைடு தீர்ந்துபோகாமல் சுற்றிச் சுற்றி வந்து குழி பறிக்கும். அருங்காட்சியகக்காரர்கள் இதை நோய் என்றே சொல்கிறார்கள்.

இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கவே சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு வேதியியல் கூடம் இருக்கிறது. 1930-இல் தொடங்கியது. அங்கே பரமசிவன் என்ற வேதியியலாளர் சிலைகளை மின்சாரத்தால் சுத்தம் செய்யும் முறையைக் கையாண்டார். காரக் கரைசலில் சிலையை இறக்கி, மின்கலத்தின் எதிர்முனையோடு இணைப்பார்கள். குளோரைடு அயனியும் எதிர் மின்சுமை உடையது. அதனால் அது சிலையை விட்டு விலகி, எதிரே இருக்கும் நேர்முனையைத் தேடிப் போய்விடும். சிலையைச் சுரண்டாமலே உள்ளிருக்கும் விஷத்தை இழுத்து வெளியேற்றும் வழி. எழும்பூர் போனால் அங்குள்ள திருவாலங்காட்டு நடராசரைப் பாருங்கள். பளபளப்பே இருக்காது. ஆயிரம் வருடத்துத் தோலோடு நிற்பார். அவரை யாராவது புளி போட்டு விளக்கினால் அது குற்றத்துக்குச் சமம். உங்கள் வீட்டிலும் மிகப் பழைய சிலை இருந்தால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். நிலத்தில் தோண்டும்போது சிலை கிடைத்தால் கழுவக்கூட வேண்டாம். அப்படியே வைத்துவிட்டு ஊர்ப் பெரியவர்கள் மூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-இலேயே போட்ட புதையல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

நம் கண்ணனுக்குப் பச்சை வர முக்கியக் காரணம் அபிஷேகம் முடிந்த பிறகு நாம் காட்டும் அவசரம். பாலும் தயிரும் தேனும் இளநீரும் ஊற்றுகிறோம். தயிரில் லாக்டிக் அமிலம், தேனிலும் அமிலம், இளநீரில் உப்புகள். வெளியே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு அலங்காரம் செய்துவிடுகிறோம். கூடான பீடத்துக்குள் போன பால் அங்கேயே தங்கிப் புளிக்கிறது. அபிஷேகம் ஆனதும் சிலையைத் தலைகீழாகத் திருப்பி உள்ளேயும் நன்றாக அலசுங்கள். பிறகு துணியால் துடைத்து, கால் மணி நேரம் வெயிலில் கவிழ்த்து வைத்தால் இடுக்கில் இருக்கும் ஈரமும் போகும். ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் நாள்கணக்கில் விட்டுவைக்காமல் மறுநாளே எடுத்துவிடுவது நல்லது. காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, துணியில் தொட்டு, தெரியாத அளவு மெல்லிசாகத் தடவலாம், காற்றும் ஈரமும் நேராகப் படாது. வழியவிட்டால் தூசி பிடித்து மறுபடி பிசுக்குதான்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் வாராவாரம் தேய்க்க வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை உலர்ந்த துணி, மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீர் போதும். புளிக்கு கிருஷ்ண ஜெயந்தி, நவராத்திரி, தீபாவளி, பொங்கல் என்று நாலு நாள் கிடைத்தால் தாராளம். எடுத்து வைக்கும்போது செய்தித்தாளில் சுற்றாமல் துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். மருந்துப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கூட வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மட்டும் அந்தப் பொட்டலம் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக இரண்டு விஷயம். வார்ப்புப் பித்தளையில் நன்றாக ஓடி அச்சை நிரப்புவதற்காகக் கொஞ்சம் காரீயம் சேர்ப்பது உண்டு. அதனால் தேய்த்து முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் முறுக்குத் தட்டுப் பக்கம் போகாதீர்கள். சிலை தேய்த்த பிரஷ்ஷைச் சமையல் பாத்திரத்துக்கும் எடுக்காதீர்கள்.

தேய்த்த புளித் தண்ணீரில் லேசாகப் பச்சை தெரியும். அது கரைந்த செம்பு. அதை மீன் தொட்டியிலோ, மீன் இருக்கும் குளத்திலோ ஊற்ற வேண்டாம். சிலைக்கு நல்லது செய்த அந்தத் தண்ணீர் மீனுக்கும் நத்தைக்கும் விஷம்.